4294967297: ஒரே வகுத்தலில் உடையும் எண்

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. அதாவது 2³² + 1. 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றிலும் 1 கூட்டினால் வரும் வரிசை இது. இந்த வரிசையில் இதற்கு முன்னால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். இதுவும் அப்படித்தான் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பினார். 1732இல் சுவிஸ் கணிதர் ஆய்லர் உடைத்துக் காட்டினார்: 641 × 6700417.

641 என்பது 116ஆவது பகா எண். 2, 3, 5 என்று வரிசையாக வகுத்துக்கொண்டு போனால் கை வலிக்கும். அதற்கு அவசியமே இல்லை. ஒரு பகா எண் இதை வகுத்தால், அந்த எண்ணால் 2³²-ஐ வகுக்கும்போது மீதி −1 (சரியாக வகுபட 1 குறைவு). வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-க்கு மீதி 1. அதற்கு முன் எந்த அடுக்கிலும் மீதி 1 வராது. எனவே அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் 64ஆல் வகுபட்டே தீரவேண்டும். இதைச் சொல்வது ஃபெர்மாவின் சிறிய தேற்றம்தான்: p பகா எண் என்றால், அதனால் வகுபடாத எண்ணின் p − 1ஆம் அடுக்குக்கு மீதி 1. அவர் கணிப்பை அவர் தேற்றமே கவிழ்க்கிறது! பின்னால் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா இந்த 64-ஐ 128 ஆக்கினார்.

இனி, 128-இன் மடங்கோடு 1 கூட்டிய எண்களை மட்டும் பார்த்தால் போதும், வரிசை சுருங்கிவிடும்: 129, 257, 385, 513, 641. இதில் 129, 513 இரண்டும் மூன்றால் வகுபடும், 385 ஐந்தால். 257-க்கும் பேனா எடுக்க வேண்டாம்: 2⁸-க்கு மீதி −1, ஆகவே 2³²-க்கு 1, நம் எண்ணுக்கு 2. மிஞ்சியது 641.

அதையும் வகுக்காமலே காட்டலாம். 641 = 5 × 2⁷ + 1. ஆக 5 × 2⁷-க்கு மீதி −1. நான்காம் அடுக்கில் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. ஆனால் 641 = 5⁴ + 2⁴ என்பதால் 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். −2³²-க்கு மீதி 1, அதாவது 2³² + 1-க்கு மீதி 0.

6700417 பகா எண்தானா? அதன் வர்க்கமூலம் 2588-ஐ ஒட்டி வரும். அதை வகுக்கும் பகா எண் நம் எண்ணையும் வகுக்கும், அதனால் அதே 128 விதிதான். 257 ஏற்கெனவே கழிந்தது, ஆகவே அதுவரை 641, 769, 1153, 1409 நான்கை மட்டும் பார்த்தால் போதும். மீதிகள் முறையே 44, 120, 334, 622. பகா எண்தான்.

கணினியில் சோதிப்பவர்கள் சறுக்குவது வேறு இடத்தில். 32 பிட் மாறியில் இந்த எண்ணைப் போட்டால் 1 ஆகிவிடும், இது பலருக்கும் தெரியும். 64 பிட்டிலும் ஒரு குழி உண்டு. ஃபெர்மா சோதனை என்பது, n-ஐச் சோதிக்க ஓர் எண்ணின் n − 1ஆம் அடுக்குக்கு மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது. இதை 2-ஐ அடியாக வைத்து, திரும்பத் திரும்ப வர்க்கப்படுத்திச் செய்தால், ஐந்தாவது வர்க்கத்தில் மீதி 2³² வரும். அடுத்த வர்க்கம் 2⁶⁴, மாறியில் கொள்ளாமல் 0 ஆகிவிடும். நிரல் 'பகா எண் இல்லை' என்று சொல்லும். விடை சரி, காரணம் தப்பு! பெருக்கலை 128 பிட்டில் ஒழுங்காகச் செய்தால் மீதி 1 வந்து, பகா எண் போலவே நடிக்கும். 2-ஐ அடியாக வைத்தால் இந்த வரிசையில் எந்த எண்ணும் இப்படித்தான் தப்பிக்கும். 3-ஐ வையுங்கள்: 3-இன் 2³²ஆம் அடுக்குக்கு மீதி 3029026160, 1 இல்லை, ஆகவே பகா எண் இல்லை. உங்கள் நிரலில் வேறு எண் வந்தால் பெருக்கல் வரியைப் பாருங்கள்.