மொட்டை மாடியில் ஒரு வெயில் புள்ளி: தை முதல் ஆவணி வரை

படிப்பு முடிந்து வேலை வராத மாதங்கள், தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்கள், இருந்த வேலை போய் அடுத்து எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாத மாதங்கள். இந்தக் காலத்தில் ஆளை அரிப்பது கவலை மட்டும் இல்லை. திங்கள் எது, வியாழன் எது என்று அடையாளம் தெரியாமல் நாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அப்படி இருப்பவர்களுக்காகவே இந்தக் குறிப்பு. தினமும் பகல் 12.11-க்கு மாடியேறி ஒரு புள்ளி வைக்க வேண்டும். போய் வர ஆறு நிமிடம் ஆகும். கடலூர், புதுச்சேரி மாடிகளுக்கு இதில் ஒரு தனி விசேஷம் இருக்கிறது. அது சித்திரையில் வருகிறது.

வேலை இவ்வளவுதான்: தரையில் ஒட்டிய டைலிலிருந்து சரியாக 50 செ.மீ. உயரத்தில் ஒரு தகடு, அதில் ஒரு சின்ன ஓட்டை. அதன் வழியே வரும் வெயில் கீழே இருக்கும் வெள்ளை டைலில் வட்டமாக விழும். அந்த வட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி. ஒரு வருடம் வைத்தால் டைலில் 8 மாதிரி ஒரு உருவம் கிடைக்கும்.

ஏன் 12.11? இந்தியக் கடிகாரம் ஓடுவது 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தில். கடலூரும் புதுச்சேரியும் ஏறக்குறைய 79.8 பாகையில் இருக்கின்றன. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால் நம் ஊர் நடுப்பகல் சராசரியாக 11 நிமிடம் தள்ளி வரும். சுவர்க் கடிகாரத்தை நம்பக் கூடாது, செல்போன் நேரம்தான் சரி. ஒரு நிமிடம் தாமதமானால் புள்ளி 2 மி.மீ.க்கு மேல் கிழக்கே நகர்ந்துவிடும்.

தேவையானவை: 2 அடிக்கு 1 அடி வெள்ளை டைல் ஒன்று, பளபளப்பில்லாத மேட் ரகமாக. பளபளப்பான டைல் உச்சி வெயிலில் கண்ணைக் கூசவைத்து வட்டத்தின் ஓரமே தெரியாமல் செய்துவிடும். திரைச்சீலை மாட்டும் எவர்சில்வர் குழாய் இரண்டடி. காலி பெயிண்ட் டப்பாவில் சிமென்ட் கலவை போட்டு அதில் குழாயை நட்டுக்கொள்ளலாம். மேலே பக்கவாட்டில் 25 செ.மீ. நீளத்தில் ஒரு அலுமினியப் பட்டை, அதன் நுனியில் 3 மி.மீ. ஓட்டை போட்ட தகடு. பழைய டப்பா மூடியே போதும். இரும்புக் கம்பி வேண்டாம். கடலூர்க் கடற்கரையில் தேவனாம்பட்டினம் பக்கம் அடிக்கிற உப்புக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் துரு வழிந்து டைல் பூராவும் செம்பட்டையாகிவிடும்.

வெறும் குச்சியின் நிழல் போதாதா என்றால், போதாது. சூரியன் ஒரு புள்ளி இல்லை, அரைப் பாகை அகலமான வட்டு. அதனால் நிழலின் நுனி எப்போதும் மங்கலாக இருக்கும். மார்கழி, தை மாதங்களில் அந்த மங்கலே 7 மி.மீ. வரை வரும். ஓட்டை வழியே விழுவதோ சூரியனின் பிம்பம், அதற்கு நடு என்று ஒன்று உண்டு. ஓட்டை 1 மி.மீ. ஆனால் வெளிச்சம் பற்றாது. 6 மி.மீ. ஆனால் வட்டம் கொழகொழவென்று பரவும். சூரிய கிரகணம் வரும் நாளில் அதே வட்டம் பிறையாகத் தேய்வதையும் டைலிலேயே பார்க்கலாம். ஓட்டை வழியாக மேலே மட்டும் கண் வைத்துப் பார்க்கவே கூடாது.

திசை பார்த்தல்

டைலை ஒட்டுவதற்கு முன் வடக்கு தெற்கு தெரிய வேண்டும். செல்போன் திசைகாட்டி மாடியில் உதவாது, கூரைக்குள் இருக்கும் கம்பிகள் அதை இழுத்துவிடும். கேரம் போர்டு ஒன்றை மட்டமாக வைத்து, நடுவில் 15 செ.மீ. உயரத்துக்கு ஒரு நேரான கம்பியை நிறுத்தி, அதைச் சுற்றி 20 செ.மீ. ஆரத்தில் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். காலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே வரும் இடத்தில் ஒரு குறி, பிற்பகலில் வட்டத்தைத் தொட்டு வெளியே போகும் இடத்தில் இன்னொரு குறி. தை மாதத்தில் இது காலை ஒன்பதரைக்கும் மூன்று மணிக்குச் சற்றுப் பின்னும் நடக்கும். இரண்டு குறிகளையும் சேர்த்தால் அது கிழக்கு மேற்குக் கோடு. அதற்குச் செங்குத்தாக இழுப்பது வடக்கு தெற்கு.

நெடுநல்வாடையில் அரண்மனை கட்டத் தொடங்குகிறவர்கள் இரண்டு கோல் நட்டு, நிழல் ஒரு பக்கமும் சாயாத நண்பகலில் கயிறு கட்டித் திசை பார்த்ததாக வரும். கேரம் போர்டில் இருப்பதும் அதே அறிவின் இன்னொரு வடிவம்தான். திசை என்பது கேட்டுத் தெரிந்துகொள்வது என்றே பலரும் நினைக்கிறோம். ஒரு பகல் பொறுமையாக உட்கார்ந்தால் நம் கையாலேயே எடுத்துவிடலாம் என்பது, இந்த வேலையில் முதலில் கிடைக்கும் சந்தோஷம்.

தை: புள்ளிகள் குதிக்கின்றன

முதல் வாரப் புள்ளிகள் ஒழுங்காக வரிசையில் விழாது. மூன்று காரணங்கள், மூன்றும் எல்லா மாடியிலும் உண்டு.

முதலாவது வாட்டம். மழைத்தண்ணீர் ஓடுவதற்காக மொட்டை மாடியைச் சரிவாகத்தான் பூசியிருப்பார்கள். ஒரு அடிக்கு 3 மி.மீ. சரிவு இருந்தாலே 50 செ.மீ. உயரத்துக்கு 5 மி.மீ. பிழை வந்துவிடும். ரசமட்டம் இரவல் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் டைல் மேல் ஒரு கோலிக்குண்டை வையுங்கள், எந்தப் பக்கம் உருளுகிறதோ அந்தப் பக்கம் தாழ்வு. சிமென்ட் காய்வதற்குள் நாலு மூலையும் தட்டிச் சரிபார்க்க வேண்டும்.

இரண்டாவது அடிப்புள்ளி. ஓட்டைக்கு நேர் கீழே டைலில் எந்த இடம் என்பது கச்சிதமாகத் தெரிந்தால்தான் அளவுகளுக்கு அர்த்தம். கொத்தனார் தூக்குக்குண்டு ஒன்றை ஓட்டை வழியே நூலில் இறக்கினால் தெரியும். ஆனால் காற்றில் குண்டு ஆடிக்கொண்டே இருக்கும். அகலமான கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக் குண்டை அதில் முங்கவிட்டால் ஆட்டம் சட்டென்று அடங்கும். தண்ணீருக்கு மேலே நூல் நிற்கும் இடத்தை இரண்டு பக்கமிருந்து அளவுகோல் பிடித்து எடுத்துவிடலாம். விடிகாலையில் காற்று இல்லாத நேரம் இதற்கு உத்தமம். அடிப்புள்ளி டைலின் தெற்கு ஓரத்திலிருந்து 17 செ.மீ. தள்ளி வருமாறு டைலை வைக்க வேண்டும். மார்கழியில் வெயில் வட்டம் அடிப்புள்ளிக்கு வடக்கே 35 செ.மீ. வரை போகும், ஆனியில் தெற்கே 10 செ.மீ.க்குச் சற்று மேல் போகும். இரண்டுக்கும் இடம் வேண்டும்.

மூன்றாவது காக்கை. பட்டை மேல் வந்து உட்கார்ந்தால் நுனி தாழ்ந்துவிடும். பட்டையின் மேல் ஒரு மீன்பிடி நரம்பை இழுத்துக் கட்டினால் உட்காராது. வாரம் ஒரு முறை உயரத்தை அளந்து பார்ப்பதும் அவசியம்.

புள்ளி எதனால் வைப்பது என்பதும் ஒரு பிரச்சினை. பர்மனென்ட் மார்க்கர் என்று பெயர்தான், இந்த வெயிலில் சில வாரத்தில் வெளுத்துவிடுகிறது. பல்குத்தும் குச்சியின் நுனியில் நெயில் பாலிஷ் தொட்டு வைத்தால் நிற்கிறது. ஆனாலும் நோட்டில் எழுதாத புள்ளியை நம்பக் கூடாது. நோட்டில் ஐந்து கட்டம்: தேதி, வடக்கு அல்லது தெற்கு எத்தனை மி.மீ., கிழக்கு அல்லது மேற்கு எத்தனை மி.மீ., வானம் எப்படி. ஐந்தாவது கட்டம் பிறகு.

பொங்கல் அன்று புள்ளி வடக்கே 32 செ.மீ., மேற்கே 2 செ.மீ. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22-லேயே நடந்துவிடுகிறது. தை முதல் நாளுக்கும் அதற்கும் இடையில் மூன்றரை வாரம் விழுந்ததற்குக் காரணம் பூமியின் அச்சு. ஏறக்குறைய 26,000 ஆண்டுக்கு ஒரு சுற்று என்று அது மெல்லத் தள்ளாடுகிறது. நட்சத்திரங்களை வைத்து எண்ணும் நம் மாதக் கணக்கு அதோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது.

மாசி, பங்குனி: மேற்கே போய்த் திரும்புகிறது

பிப்ரவரி 11 பக்கம் புள்ளி மேற்கே 3.4 செ.மீ. வரை ஒதுங்கும். டைல் நகர்ந்துவிட்டதோ என்று பதற வேண்டாம். பூமி சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து அப்போது சூரியனை நம் கடிகாரத்துக்கு 14 நிமிடம் பின்னால் தள்ளுகின்றன. "தை பிறந்து இத்தனை நாளாச்சு, இன்னும் விடிய மாட்டேங்குதே" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது இதனால்தான். வருடத்திலேயே தாமதமான விடியல் இங்கே ஜனவரிக் கடைசியில், 6.35 வாக்கில்.

பங்குனியில்தான் ஓட்டம். மார்ச் 20, 21-ஐ ஒட்டி ஒரு நாளுக்கு மூன்றரை மி.மீ. நேற்றைய புள்ளிக்கும் இன்றையதற்கும் இடையில் ஒரு அரிசி நுழையும். மார்கழித் தொடக்கத்தில் இதற்கு நேர் எதிர். டிசம்பர் 21-க்கு ஐந்து நாள் முன்னும் பின்னுமாக வடக்கு தெற்கில் மொத்தமே 1 மி.மீ.க்குச் சற்று மேல்தான் அசையும். அந்த நேரத்தில் தொடங்குகிறவர்கள் ஒன்றும் நடக்கவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அதனாலேயே புதிதாகத் தொடங்குகிறவர்கள் பொங்கலுக்குப் பின் தொடங்குவது நல்லது என்று சொல்கிறோம். மார்கழியின் நிலைத்த புள்ளியை ரசிக்க ஒரு பங்குனியைப் பார்த்திருக்க வேண்டும்.

ஐந்தாவது கட்டம்

அன்றைக்கு அந்த ஆறு நிமிடத்தில் கண்ணுக்கோ காதுக்கோ கிடைத்த ஒன்று. ஒன்றே ஒன்று, ஐந்தாறு சொல்லுக்குள். "மீன்காரம்மா இன்று சங்கரா", "பக்கத்து மாடியில் வடகம் காய்கிறது", "கடல் காற்று 12.20-க்கு இறங்கியது". மனநிலை எழுத வேண்டாம். காத்திருக்கும் காலத்தில் மனநிலையை எழுதத் தொடங்கினால் ஒரே வரிதான் தினமும் வரும். வெளியே நடப்பதை எழுதினால் ஒரு நாள் போல இன்னொரு நாள் வராது. இரண்டு மாதம் கழித்துப் புரட்டும்போது, ஒன்றுமே செய்யாமல் கழிந்ததாக நினைத்த பங்குனி, வேப்பம்பூவும் குயிலும் முதல் நுங்கு வண்டியுமாக நோட்டில் இருக்கும்.

கடல் காற்று இறங்கும் நேரத்தைத் தனியாகவே குறித்து வரலாம். மேற்குக் காற்று பலமாக இருக்கும் கத்திரி நாள்களில் அது தள்ளிப்போகிறது. அன்றுதான் ஊர் கொதிக்கிறது.

விட்டுப்போன நாளுக்குக் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும். பிறகு ஊகித்து நிரப்பக் கூடாது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி இருந்தாலும் வளைவு எந்தப் பக்கம் போகிறது என்பது நன்றாகவே தெரியும்.

சித்திரை: நிழல் இல்லாத நாள்

விசேஷம் இதுதான். ஏப்ரல் 21-ஐ ஒட்டி சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அரை நாள் முன்பின். சுமார் 12.10-க்கு வெயில் வட்டம் அடிப்புள்ளி மேலேயே விழும். தூக்குக்குண்டை மறுபடி தொங்கவிட்டால் நூலின் நிழல் நூலுக்கடியிலேயே ஒடுங்கி மறைவதைப் பார்க்கலாம். எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் அதற்கு நிழலே கிடையாது. தெருப் பிள்ளைகளை முன்கூட்டியே கூப்பிட்டு வைப்பது நல்லது.

அடுத்த நாள் 3 மி.மீ. தெற்கே. அங்கிருந்து ஆகஸ்ட் 21, 22 வரை நம் ஊரில் நண்பகல் நிழல் தெற்குப் பக்கம்தான் விழும்.

வைகாசி, ஆனி: மேகம்

ஜூன் 21-ல் தெற்கே 10.4 செ.மீ. மார்ச் 20-ஐ ஒட்டி வடக்கே 10.4 செ.மீ. இரண்டும் ஒன்றாக வருவது பிழை இல்லை. சூரியன் வடக்கே எட்டும் எல்லை 23.44 பாகை, கடலூர் இருப்பது 11.75-ல், கிட்டத்தட்டச் சரிபாதி. டைலில் அளவுகோல் வைத்து இதைக் கண்டுபிடிக்கும்போது ஊர் மேலேயே ஒரு புதுப் பிரியம் வருகிறது.

இந்த மாதங்களில் மேகம் மறைக்கத் தொடங்கும். சலிப்பு வரும்போது நினைக்க வேண்டிய ஆள் ஒருவர் புதுச்சேரியில் இருந்திருக்கிறார். கியோம் லெ ஜான்தி என்ற பிரெஞ்சு வானியலாளர். சூரியனை வெள்ளிக் கிரகம் கடப்பதைப் பார்க்க 1761-ல் புதுச்சேரியை நோக்கிக் கப்பலில் வந்துகொண்டிருந்தார். அதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் வந்து சேர முடியவில்லை. ஆடும் கப்பலிலிருந்து அளக்கவும் முடியவில்லை. அடுத்த வாய்ப்புக்காக எட்டு வருடம் பிரான்சுக்குத் திரும்பாமல் கிழக்கிலேயே தங்கினார். 1769 ஜூன் 4 காலை, புதுச்சேரியில் மேகம் மூடிக்கொண்டது. அந்த எட்டு வருடத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. காற்றையும் கடலையும் பற்றி எழுதினார். தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையை இங்கேயே கேட்டுக் கற்று, பிரான்சுக்குத் திரும்பி அதைப் பதிப்பித்தார். தேடி வந்தது அவருக்குக் கிடைக்கவே இல்லை. இன்று அவர் எழுத்தில் நமக்கு மதிப்பாக இருப்பது, காத்திருந்தபோது குறித்து வைத்தவைதான்.

ஆடி, ஆவணி

ஜூலை 26 பக்கம் மேற்கே 1.3 செ.மீ., பிறகு மெல்லத் திரும்பி ஆகஸ்ட் 21, 22-ல் மறுபடி அடிப்புள்ளிக்குப் பக்கத்தில், 7 மி.மீ. மேற்கே. இம்முறை நிழலில்லாத நேரம் 12.14. 12.11-க்கே புள்ளி வைத்துவிட்டு மூன்று நிமிடம் அங்கேயே நின்றால் வட்டம் நகர்ந்து அடிப்புள்ளியில் ஏறுவதைப் பார்க்கலாம். ஆகஸ்ட் கடைசியில் கோடு, ஏப்ரல் 13, 14-ல் வந்த கோட்டை வெட்டும். அடிப்புள்ளிக்கு வடக்கே சுமார் 2 செ.மீ.-யில் 8-இன் இடுப்பு அது. சின்ன வளையம் மூடிவிட்டது.

மிச்சம் பெரிய வளையத்தின் கிழக்குப் பக்கம். நவம்பர் 3-ஐ ஒட்டிப் புள்ளி கிழக்கே 3.9 செ.மீ. போக வேண்டும். ஆனால் அது ஐப்பசி, வடகிழக்குப் பருவமழை நேரம். புயல் எச்சரிக்கை வந்தால் பட்டையைக் கழற்றிவிட வேண்டும், மறுபடி மாட்டும்போது 50 செ.மீ. உயரத்தையும் அடிப்புள்ளியையும் திரும்பப் பார்க்க வேண்டும். குழாயில் பட்டை நின்ற இடத்தைச் சுற்றி இப்போதே ஒரு கீறல் போட்டாயிற்று. டைலில் அந்தக் கிழக்கு ஓரம் இன்னும் வெள்ளையாகவே கிடக்கிறது. அடைமழைக்கு நடுவே 12.11-க்கு ஒரு நிமிடம் மேகம் விலகினால் போதும்.