120 டாலர் கட்டுரை

மார்ச் 3

ஷாங்காயில் எம்.பி.பி.எஸ். படிக்கும் சித்தி மகன் ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தான். இந்திய–சீன உறவு பற்றி நான்கு பக்கம் எழுதினால் பணமாம். "எழுதட்டுமாண்ணே? கைச்செலவுக்கு ஆகும்ல?" உடற்கூறியல் படிக்கிறவனிடம் எல்லைத் தகராறு பற்றி யாருக்கு என்ன கேள்வி? நிஜப் பத்திரிகையாகவும் இருக்கலாம்தான், ஆனாலும் கிளென் ஷ்ரைவர் ஞாபகம் வந்துவிட்டது.

மார்ச் 4

அவனுக்கு எழுதியதையே இங்கேயும் போடுகிறேன். ஷ்ரைவர் மிச்சிகனில் படித்த பையன். 2004இல் ஷாங்காயில் இதே மாதிரி விளம்பரம் பார்த்து வடகொரியா, தைவான் பற்றி எழுதிக் கொடுத்தான், ஒரு பெண் பாராட்டி 120 டாலர் கொடுத்தாள், அப்புறம் அவளுடைய 'நண்பர்கள்' வந்தார்கள், சீன உளவுத்துறை ஆட்கள். ரகசியம் எதையும் கேட்கவில்லை, அவனிடம் இருந்தால்தானே! அமெரிக்க அரசு வேலைக்கு முயற்சி செய் என்றார்கள். வெளியுறவுத் துறைத் தேர்வில் இரண்டு முறை தோற்றான், தோற்றதற்கும் காசு வந்தது. 2007இல் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவுக்கே விண்ணப்பித்தான். மொத்தம் வாங்கியது 70,000 டாலர். 2010இல் கைது, நான்கு வருடச் சிறை.

கையில் ஒன்றுமில்லாத மாணவன்தான் அவர்களுக்கு மலிவு. பெரிய பதவிக்கு வந்தவனை வளைப்பது கஷ்டம், இருபது வயதில் பிடித்துவிட்டால் அவனே உள்ளே போய் உட்கார்ந்துகொள்வான். கேம்பிரிட்ஜ் முடித்த கையோடு கிம் ஃபில்பியை 1934இல் சோவியத் உளவு ஆட்கள் வளைத்துப் பிடித்ததும் இப்படித்தான், என்ன, அவனை இழுத்தது காசு இல்லை, கொள்கை. 1940இல் பிரிட்டிஷ் உளவுத்துறைக்குள் இருந்தான்.

மார்ச் 8

தம்பி பத்திரிகையின் பெயர், முகவரி கேட்டிருக்கிறான். பதிலுக்கு, காபி சாப்பிட வாங்க என்று மட்டும் அழைப்பு. போகவில்லை. "மாணவர்களை வேவு பார்க்க வெளிநாட்டுக்காரன்தான் வருவானாண்ணே?" என்று கேட்டான், சரியான கேள்வி. சொந்த நாட்டு ஆட்களும் வருவார்கள்.

1971இல் இதே தேதி இரவு, பென்சில்வேனியாவில் மீடியா என்ற ஊரில் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் அலுவலகத்துக்குள் புகுந்து சிலர் கோப்புகளை அள்ளிப்போனார்கள். கலவரத்தில் சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, கறுப்பின மாணவர் சங்கம் எல்லாவற்றையும் கவனியுங்கள் என்ற உத்தரவு அதில் இருந்தது. ஸ்வார்த்மோர் கல்லூரியின் டெலிபோன் ஆபரேட்டர்கூட எஃப்பிஐக்குத் தகவல் கொடுப்பவர். போராட்டம் எங்கே கிளம்பும் என்று மோப்பம் பிடிக்கக் கல்லூரி ரொம்ப வசதி, சங்கக் கூட்டத்துக்கு யார் வந்தாலும் நாற்காலி போடுவார்கள்.

மார்ச் 11

2008இல் நியூயார்க் சிட்டி காலேஜின் முஸ்லிம் மாணவர்கள் ஆற்றில் படகு விடப் போனபோது, நகரப் போலீஸ் ஓர் ஆளை ரகசியமாகக் கூடவே அனுப்பியது. அவருடைய அறிக்கையில் தொழுகைக்குக் கணக்கு: நாளுக்குக் குறைந்தது நான்கு முறை. இதெல்லாம் துப்பாம்! விஷயம் வெளியே வந்தபின் ஒரு மாணவர் சங்க அறையில் அரசியல் பேச வேண்டாம் என்று எழுதியே ஒட்டினார்கள். நகரத்து முஸ்லிம் பகுதிகளைக் கணக்கெடுத்துத் திரிந்த தனிப் பிரிவோ, ஆறு வருடத்தில் ஒரு வழக்குக்கும் துப்புத் தரவில்லை என்று போலீஸ் அதிகாரியே 2012இல் சாட்சியம் சொன்னார். 2014இல் அதைக் கலைத்தார்கள்.