அரைச்சக்கரம்: 200 கிலோமீட்டருக்குத் தயாராகும் ஒருவனின் நாட்குறிப்பு

ஜனவரி 7, ஞாயிறு

பெயர் கொடுத்தாயிற்று. மார்ச் 17, 200 கிலோமீட்டர் பிரெவே, அதாவது பந்தயமில்லாமல் குறித்த நேரத்துக்குள் முடிக்கவேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம். 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். ஆறு பேர் சேர்ந்து கிளம்பி, ஆறு பேரும் சேர்ந்தே முடிப்பது என்று பேச்சு.

நாலு வருடமாகத் தனியாக ஓட்டுகிறேன். காலையில் 40, மிஞ்சினால் 50 கிலோமீட்டர். யாருக்கும் காத்திருந்ததில்லை. "200 கிலோமீட்டருக்கு 13 மணி நேரமா? தாராளம்" என்று வாய் விட்டேன். எங்களில் மூத்தவர், 600 கிலோமீட்டர் வரை முடித்தவர் (எல்லோருக்கும் அவர் கேப்டன்), சிரித்துவிட்டுக் கணக்குப் போட்டுக் காட்டினார். சராசரி மணிக்கு 15 வந்தால் போதும், உண்மைதான். ஆனால் நீங்கள் நின்றாலும் கடிகாரம் நிற்காது. தண்ணீர், சாப்பாடு, பஞ்சர், கன்ட்ரோலில் (வழியில் நின்று பதியவேண்டிய இடம்) அட்டைக்கு முத்திரை, எல்லாம் அந்த நேரத்துக்குள்தான். 20-இல் ஓட்டினால் பத்து மணி நேரம் மிதிப்பது, மூன்றரை மணி நேரம் கையிருப்பு. "அந்தக் கையிருப்பை எங்க செலவு பண்ணப்போறோம்ங்கறதுதான் தம்பி விஷயமே" என்றார்.

ஜனவரி 10, புதன்

வலது முழங்கால் முன்பக்கம் லேசாக வலி. சீட் தாழ்வாக இருந்தால் முன்பக்கம் வலிக்கும், உயரமாக இருந்தால் பின்பக்கம் இழுக்கும் என்றார் கேப்டன். சுவரில் சாய்ந்து நின்று கவட்டிலிருந்து தரை வரை அளந்து, 0.883-ஆல் பெருக்கினேன். பெடல் கைகள் சுழலும் நடு அச்சிலிருந்து (பெடலிலிருந்து அல்ல) சீட்டின் மேல்பாகம் வரை அவ்வளவு இருக்கவேண்டுமாம். ஒன்றரை சென்டிமீட்டர் குறைவு. நாலு வருடமாக!

இன்னொரு குற்றமும் கண்டுபிடிக்கப்பட்டது. பெரிய கியரில் போட்டு அழுத்தி மிதிக்கிறேன், நிமிடத்துக்கு 60 சுற்றுகூட வருவதில்லை. 80, 90 சுற்றுக்குப் பழக்கினால் முழங்காலுக்கு நல்லது. பழக்கினேன். சீட்டில் குதித்துக்கொண்டே போகிறேன், சர்க்கஸ் மாதிரி.

ஜனவரி 21, ஞாயிறு

முதல் குழு ரைடு, 60 கி.மீ.

மொழி தெரியாத ஊருக்குப் போனதுபோல் இருந்தது. முன்னால் போகிறவர் விரலைக் கீழே காட்டினால் அந்தப் பக்கம் குழி. முதுகுக்குப் பின்னால் கையை வீசினால் அந்தப் பக்கம் ஏதோ நிற்கிறது, விலகி வா. முஷ்டியை உயர்த்தினால் நிற்கப்போகிறோம். பின்னால் வருபவருக்கு முன்னால் இருப்பவரின் இடுப்பைத் தவிர ஒன்றும் தெரியாது என்பதால் இந்தச் சைகைகள் ஒவ்வொருவராகக் கடைசி ஆள் வரை போகவேண்டும். இடையில் ஒருவர் விட்டால் அவருக்குப் பின்னால் இருப்பவர் குழியில். நான் இரண்டு விட்டேன். என் பின்னால் வந்த கல்லூரித் தம்பி பாவம்.

திடீரென்று பிரேக் பிடிக்கக் கூடாது. உன் முன்சக்கரம் அடுத்தவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஏறி நிற்கக் கூடாது. உரசினால் விழுவது பின்னால் இருப்பவர்தான், முன்னால் இருப்பவருக்குத் தெரியக்கூட தெரியாது.

ஆனால் அந்தக் காற்று மறைப்பு! முன்னால் போகிறவரின் பின்சக்கரத்திலிருந்து ஒரு மீட்டருக்குள் ஒட்டிப் போனால் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல் இருக்கிறது. படித்திருக்கிறேன்தான், உடம்பில் பட்டபோதுதான் நம்பினேன்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, திரும்பும் வழியில் இரண்டிரண்டு பேராக வரும் வரை. என் பக்கத்தில் டீச்சர். பள்ளியில் கணக்கு எடுப்பவர். ஐந்து கிலோமீட்டர் பேசாமல் வந்தவர் பிறகு மெதுவாகச் சொன்னார்: "சார், நீங்க ஹாஃப் வீலிங் பண்றீங்க."

அப்படியென்றால் என்னவென்றே தெரியாது. பக்கத்தில் வருபவரைவிட எப்போதும் அரைச்சக்கரம் முன்னால் போவது. அவர் எட்டிப் பிடித்தால் மறுபடி அரைச்சக்கரம் முன்னால். அவரும் விடாமல் பிடிக்க, 20-இல் கிளம்பிய குழு தெரியாமலே 25-க்குப் போய்விடும், பின்னால் இருப்பவர்கள் மூச்சிரைப்பார்கள். சண்டையில்லாமல் ஒரு குழுவை உடைக்க இதைவிட நல்ல வழி கிடையாது என்றார் கேப்டன். நான் அப்படிச் செய்யவில்லை என்று சொன்னேன்.

ஜனவரி 24, புதன்

நான் அப்படிச் செய்வதில்லை. எல்லோரும் மெதுவாகப் போகிறார்கள், அவ்வளவுதான்.

(இரவு சேர்த்தது: டீச்சர் ஒரு கணக்கு அனுப்பியிருக்கிறார். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதை மீறத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். ஆகவே 20-இலிருந்து 25-க்குப் போக, காற்றுக்கு மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சக்தி வேண்டும். கீழே ஒரு வரி: "ஐந்துதானே என்று நினைக்காதீர்கள் சார்." வாத்தியார் புத்தி.)

பிப்ரவரி 4, ஞாயிறு

100 கி.மீ. இதை விரிவாக எழுதியே ஆகவேண்டும், வெட்கமாக இருந்தாலும்.

முதல் 60 கிலோமீட்டர் பிரமாதம். 25-ஆவது கிலோமீட்டரில் எல்லோரும் பையிலிருந்து எடுத்துச் சாப்பிட்டார்கள். எனக்குப் பசிக்கவில்லை, சாப்பிடவில்லை. 45-இலும் அப்படியே. 78-ஆவது கிலோமீட்டரில் யாரோ சுவிட்சை அணைத்தார்கள். கால் வலிக்கவில்லை, மூச்சு வாங்கவில்லை, வெறுமனே ஒன்றுமில்லை. கை நடுங்கியது, குளிர்ந்த வியர்வை. சின்ன ஏற்றம் ஒன்று சுவராக நின்றது. கேப்டன் ஏதோ கேட்டதற்கு நான் எரிந்து விழுந்தேனாம், எனக்கு ஞாபகமில்லை. இறங்கி ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

தசையிலும் ஈரலிலும் உடம்பு சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து மொத்தம் சுமார் 2,000 கலோரிதான். அழுத்தி மிதித்தால் இரண்டு, மூன்று மணி நேரத்தில் தீர்ந்துபோகும். கொழுப்பு எவ்வளவோ இருக்கிறது (என்னிடம் தாராளமாகவே), ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். ஆகவே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்கவேண்டும், முதல் மணி நேரத்திலிருந்தே. பசி வந்த பிறகு சாப்பிட்டால் அது வேலை செய்ய நேரமாகும்.

தம்பி தன் பங்கு வாழைப்பழம் இரண்டைக் கொடுத்தான். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். இருபது நிமிடத்தில் உலகத்துக்கு நிறம் திரும்பியது. மீதி 22 கிலோமீட்டரும் அவர்கள் என் வேகத்துக்கு வந்தார்கள், மணிக்கு 15. யாரும் அரைச்சக்கரம்கூட முன்னால் போகவில்லை. அதை நான் கவனித்தேன்.

பிப்ரவரி 7, புதன்

இரண்டு நாளாக இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்திருக்கின்றன. ஹேண்டிலில் உள்ளங்கையை ஊன்றி மணிக்கணக்காக அழுத்தினால் அந்தப் பக்கமாக ஓடும் நரம்பு நசுங்குமாம். முழங்கையை மடக்கு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்று.

அப்புறம், பேட் வைத்த சைக்கிள் டிரவுசருக்குள் உள்ளாடை போடக்கூடாது. இதை யாரும் நேராகச் சொல்வதில்லை. தையல் உரசி உரசித் தோல் போகும். எப்படித் தெரிந்துகொண்டேன் என்று எழுதப்போவதில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

80 கி.மீ. இரண்டு பஞ்சர், இரண்டும் எனக்கு, இரண்டும் ஒரே இடத்தில்.

முதல் முறை டியூபை மட்டும் மாற்றி, காற்றடித்து, ஏழே நிமிடம் என்று பெருமையாகக் கிளம்பினேன். மூன்று கிலோமீட்டரில் மறுபடி உட்கார்ந்தது. டயரின் உள்பக்கம் விரலை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். மயிரளவு இரும்புக் கம்பி ஒன்று அங்கேயே குத்திக்கொண்டு நின்றது. தம்பதியாக வரும் இருவரில் அந்த அம்மா ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார்: டயரில் பெயர் அச்சடித்த இடம் எப்போதும் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டுங்கள். டியூபில் ஓட்டை எங்கே என்று தெரிந்தால், டயரில் எங்கே தேடவேண்டும் என்பதும் தெரியும். எளிமையான யோசனை, எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

120 கி.மீ., அதில் 50 கிலோமீட்டர் எதிர்காற்று. முறை வைத்து ஆளுக்கு ஐந்து நிமிடம் முன்னால் போனோம். முடிந்ததும் ஓரமாக விலகி, மற்றவர்களைக் கடக்கவிட்டு, கடைசியில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

என் முறை வரும்போதெல்லாம் வரிசை அறுந்தது. ஏன் என்று புரியவில்லை. டீச்சர்தான் சொன்னார்: "முன்னால வந்ததும் உங்களுக்கு ரெண்டு கிலோமீட்டர் கூடிடுது சார்." இந்த முறை மறுக்கவில்லை. பின்னால் இருக்கும்போது மீட்டரில் என்ன எண் இருந்ததோ, முன்னால் வந்த பிறகும் அதே எண். காற்று முகத்தில் அறையும்போது அதே எண்ணுக்கு அதிகம் உழைக்கவேண்டியிருக்கும், அது போதும், வீரம் வேண்டாம் என்றார் கேப்டன். மீட்டரையே பார்த்து ஓட்டினேன். 19. 19. 19. இதைவிட அலுப்பான ஐந்து நிமிடத்தை வாழ்க்கையில் பார்த்ததில்லை. விலகித் திரும்பிப் பார்த்தால் ஐந்து பேரும் ஒட்டி வந்திருந்தார்கள்.

மார்ச் 3, ஞாயிறு

150 கி.மீ. விடிவதற்கு முன் நாலரைக்குக் கிளம்பினோம். பின்விளக்கு மினுக்காமல் நிலையாக எரியவேண்டும், மினுக்கினால் பின்னால் வருபவரின் கண் கூசும்.

இருட்டில் கேப்டன் பேசிக்கொண்டே வந்தார். 1897-இல் இத்தாலிய சைக்கிள்காரர்கள் சிலர் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை 230 கிலோமீட்டரைச் சூரியன் விழுவதற்குள் ஓட்டப் புறப்பட்டார்கள். துணிந்தவர்கள் என்ற பொருளில் இந்த நெடுந்தூர ஓட்டத்துக்கு வந்த பெயர்தான் ஆடாக்ஸ். அதன் பழைய முறையில் குழுவே ஒன்றாகப் போகும், ரோடு கேப்டன் முன்னால், மணிக்கு 22.5, அவரைத் தாண்டக்கூடாது. அவரவர் வேகத்தில் போகும் முறை பிறகு வந்தது, நாம் போகும் பிரெவே அந்த வகைதான். 1891-இல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயமாகத் தொடங்கியபோது ஷார்ல் டெரோன் அந்தச் சுமார் 1,200 கிலோமீட்டரை 71 மணி 22 நிமிடத்தில் முடித்தார். கியர் மாற்ற வழியில்லாத காலம். இன்றைக்குச் சாதாரண ஆட்களுக்கு 90 மணி நேரம்.

"தாண்டக்கூடாதுன்னு விதியே இருந்திருக்கு, பாத்தீங்களா" என்று இருட்டில் ஒரு குரல். யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

மார்ச் 10, ஞாயிறு

40 கி.மீ. மட்டும். கடைசி இரண்டு வாரம் தூரத்தைக் குறைக்கவேண்டும், இனி ஓட்டுவது எதுவும் பலம் சேர்க்காது, களைப்பைத்தான் சேர்க்கும். கால் துறுதுறுக்கிறது. செயினை இரண்டு தடவை துடைத்தேன், தேவையே இல்லை.

மார்ச் 16, சனி

டியூப் 2, டயர் நெம்பி, பம்ப், ஒட்டுவதற்குப் பசை, விளக்கு, உப்பு. புதுசாக எதுவும் கிடையாது: புது ஷூ இல்லை, புது சீட் இல்லை, இதுவரை தின்று பார்க்காத எதுவும் இல்லை. தூக்கம் வரவில்லை.

மார்ச் 18, திங்கள்

நேற்று காலை 6 மணிக்குக் கிளம்பினோம். முதல் கன்ட்ரோல், இரண்டாவது, மூன்றாவது. 150 வரை எழுத ஒன்றுமில்லை, அதுதான் நல்ல ரைடு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேப்டன் கடிகாரம் பார்த்து பன்னிரண்டு நிமிடம் என்றால் பன்னிரண்டுதான்.

160-இல் தம்பிக்குத் தொடை பிடித்துக்கொண்டது. மணி மூன்றே முக்காலைத் தாண்டியிருந்தது. சாலையோரம் படுக்கவைத்து காலை நீட்டினோம். "நீங்க போங்கண்ணா, நான் மெதுவா வர்றேன்" என்றான். டீச்சர் மனக்கணக்கில் சொன்னார்: 40 கிலோமீட்டர் பாக்கி, மணிக்கு 13 போனாலும் நேரத்துக்குள் போய்விடலாம். கையிருப்பை எங்கே செலவு செய்வது என்று கேப்டன் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது.

25 நிமிடம் கழித்துக் கிளம்பினோம். நான் முன்னால், தம்பி என் பின்சக்கரத்தில். மீட்டரில் 17. என் முறை முடிந்தது என்று கேப்டன் இரண்டு முறை கூப்பிட்டார், விலகவில்லை. ஏற்றத்தில் 11, திரும்பிப் பார்ப்பது, மறுபடி 17. கடைசி ஐந்து கிலோமீட்டரில் அவன் கால் தேறிவிட்டது, இரண்டிரண்டு பேராக வந்தோம். மாலை 6:41, எல்லா அட்டையிலும் முத்திரை. 12 மணி 41 நிமிடம்.

இன்று காலை ஒரு படம் வந்தது. முடிகிற இடத்தில் யாரோ பக்கவாட்டிலிருந்து எடுத்தது. முதல் வரிசையில் நானும் டீச்சரும், இரண்டு பேரும் சிரிக்கிறோம். பெரிதாக்கிப் பார்த்தேன். என் முன்சக்கரம் அவருடையதைவிட ஒரு சாண் முன்னால் இருக்கிறது.

படத்துக்குக் கீழே அவர் எழுதியிருந்தது ஒரே ஒரு சொல்: "சார்?"