ஆற்றுக்கு அடியில் கார் ஓடினால் புகை எங்கே போகும்?

நியூயார்க்கின் மன்ஹாட்டனுக்கும் எதிர்க்கரை ஜெர்சி சிட்டிக்கும் நடுவில் ஹட்சன் ஆறு ஓடுகிறது. அதற்கு அடியில் போகிற சாலைதான் ஹாலண்ட் சுரங்கப்பாதை. 1927 நவம்பரில் திறந்தார்கள், இன்றும் வண்டிகள் ஓடுகின்றன. போக ஒரு குழாய், வர ஒரு குழாய். ஒவ்வொன்றும் சுமார் இரண்டரை கிலோமீட்டர் நீளம். ஆழமான இடத்தில் சாலை, ஆற்றின் நீர்மட்டத்துக்கு ஏறக்குறைய 28 மீட்டர் கீழே இருக்கிறது.

குழந்தைகள் முதலில் கேட்பது, "தண்ணீர் உள்ளே வந்துவிடாதா?" குழாய் தண்ணீருக்குள் மிதக்கவில்லை, ஆற்றுப் படுகையின் சேற்றுக்குள் புதைந்திருக்கிறது. தோண்டும்போதுதான் ஆபத்து. அதற்கு என்ன செய்தார்கள் என்று பார்க்க, ஒரு காலி டம்ளரைக் கவிழ்த்து, வாளித் தண்ணீருக்குள் நேராக அமுக்குங்கள். உள்ளே இருக்கும் காற்று தண்ணீரை ஏற விடாது. அதே மாதிரி தோண்டும் இடத்தில் காற்றை அழுத்தி நிரப்பினார்கள். அழுத்தம் குறைந்தால் சேறும் தண்ணீரும் உள்ளே வரும். கூடினால் காற்று படுகையைப் பிய்த்துக்கொண்டு மேலே போய்விடும்.

தோண்டுபவர்களுக்கு முன்னால் ஒரு பெரிய இரும்பு உருளை இருக்கும். ஹைட்ராலிக் ஜாக்கிகள் அதைக் கொஞ்சம் முன்னே தள்ளும். பின்னால் கிடைத்த இடத்தில் வார்ப்பிரும்புத் துண்டுகளைப் போல்ட் போட்டு ஒரு வளையம் கட்டுவார்கள். பிறகு மறுபடி தள்ளு, மறுபடி வளையம். வேலை முடிந்ததும் ஆட்கள் சட்டென்று வெளியே வர முடியாது. இரண்டு பக்கமும் கதவு வைத்த அறையில் உட்கார வைத்து அழுத்தத்தை மெல்ல மெல்லக் குறைப்பார்கள். அவசரப்பட்டால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகள் உண்டாகி மூட்டுகள் தாங்க முடியாமல் வலிக்கும், உயிரே போகலாம்.

ஆனால் இதெல்லாம் அதற்கு முன்பே ரயில் சுரங்கங்களில் பழகிய வேலை. என்னைக் கேட்டால் இங்கே புதுசு, புகையை வெளியேற்றிய விதம்தான்.

பெட்ரோல் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மயக்கம் வரும்வரை தெரியாது. ஒரு வாசலில் பெரிய விசிறி வைத்து இன்னொரு வாசல் வரை ஊதினால் என்ன? இவ்வளவு நீளத்துக்குப் புயல் மாதிரி ஊத வேண்டும். நடுவில் தீப்பிடித்தால் மொத்தப் புகையும் மற்ற வண்டிகள் மேல் போகும். அதனால் காற்றைக் குறுக்கே ஓடவிட்டார்கள். சாலைக்கு அடியில் ஓர் அறை, கூரைக்கு மேல் ஓர் அறை. நல்ல காற்று அடியிலிருந்து, சாலையோரக் கல் பக்கத்துச் சின்னச் சின்னப் பிளவுகள் வழியே வரும். சூடான புகை மேலே ஏறி, கூரைத் துளைகள் வழியே உறிஞ்சப்படும். கரையிலும் கரையோரத் தண்ணீரிலுமாக நான்கு கட்டடங்கள், அவற்றில் 84 விசிறிகள். பாதி ஊத, பாதி உறிஞ்ச. சுமார் ஒன்றரை நிமிடத்தில் உள்ளே இருக்கும் காற்று முழுவதும் மாறிவிடும்.

தலைமைப் பொறியாளர் கிளிஃபோர்ட் ஹாலண்ட், இருபக்கத் தோண்டலும் சந்திக்க இருந்த நேரத்தில், 1924 அக்டோபரில் காலமானார். பெயர் அவருடையது. காற்றோட்ட அமைப்பில் பெரும்பங்கு ஓலே சிங்ஸ்டாடுடையது, வேலையை முடித்தவரும் அவரே.

1949 மே மாதம், கார்பன் டைசல்ஃபைடு பீப்பாய்கள் ஏற்றிய லாரி உள்ளே தீப்பிடித்தது. கூரைப் பலகைகள் பெயர்ந்து விழுந்தன, பலர் புகையில் திணறினார்கள். விசிறிகளை வேகமாக ஓடவிட்டுப் புகையை மேலே இழுத்ததால் தீயணைப்புப் படையினரால் நெருங்க முடிந்தது. இப்படி எளிதில் தீப்பற்றும் சரக்குக்கு உள்ளே அனுமதி இல்லை.

தண்ணீரும் ஒருமுறை வந்தது. 2012இல் சாண்டி புயலின்போது வெள்ளம் புகுந்து, பாதையைச் சில நாள் மூட வேண்டியதாயிற்று. ஆற்றுப் படுகை உடைந்து வந்த தண்ணீர் அல்ல அது. கடல் பொங்கிக் கரையேறி வந்தது. சாதாரண நாளில்கூட மழைநீரும் கழுவுகிற தண்ணீரும் சரிவில் இறங்கித் தாழ்வான இடத்தில்தான் சேரும். அதை மேலே இறைக்க அங்கே பம்புகள் வேண்டும்.