டெலே பி1: ‘போக்கோ’வுக்கு முன்னால் ‘ஊன்’ இருக்கிறதா?

டெலே என்கிற ஸ்பானிஷ் மொழித் தேர்வில் பி1, அதாவது இடைநிலை, எழுதியிருந்தேன். போன வாரம் முடிவு வந்தது. ‘ஆப்தோ’, அதாவது தேர்ச்சி. கேட்டலும் பேச்சும் சேர்ந்த குழுவில் 50-க்கு 30 வேண்டுமே, அதை ஒட்டித்தான் தாண்டியிருக்கிறேன். அப்பாடா! தேர்வு முறை உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: ‘கொஞ்சம்’ என்பதை ஸ்பானிஷில் எப்படிச் சொல்கிறார்கள் என்பது. சொல் ‘போக்கோ’தான், ஆனால் அதற்கு முன்னால் ‘ஊன்’ (ஒரு) வருகிறதா இல்லையா என்பதில் அர்த்தமே மாறிவிடும். நான் படித்த வகுப்பில் சப்ஜங்டிவ் என்கிற வினை வடிவத்தையே மாதக்கணக்கில் அரைத்தார்கள், இதைத் தொடவேயில்லை. அந்தக் கடுப்பு இன்னும் இருக்கிறது.

‘கேதா போக்கா லெச்சே’ என்றால் பால் கொஞ்சம்தான் இருக்கிறது, யாராவது கடைக்குப் போகணும். ‘கேதா ஊன் போக்கோ தெ லெச்சே’ என்றால் கொஞ்சம் இருக்கிறது, இப்போதைக்குக் காபிக்குக் காணும். இரண்டிலும் அதே கால் டம்ளர் பாலாக இருக்கலாம். நம் ‘தான்’ செய்கிற வேலையை அங்கே ‘ஊன்’ இல்லாததே செய்துவிடுகிறது. ஆனால் வேகமாகப் பேசும்போது அது முந்தின சொல்லோடு ஒட்டி ‘கேதாவுன்’ ஆகிவிடும். காதில் விழவில்லையா? பின்னால் வரும் ‘தெ’யைப் பிடியுங்கள். கேட்டலுக்கு வேறு எதுவும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

எழுதும்போது:
- ‘போக்கோ’ பெயர்ச்சொல்லின் பால், எண் பார்த்து மாறும்: போக்கோ தியெம்போ (நேரம்), போக்கா சால் (உப்பு), போக்கோஸ் அமீகோஸ் (நண்பர்கள்).
- ‘ஊன் போக்கோ தெ’ மாறாது. உப்பானாலும் ‘ஊன் போக்கோ தெ சால்’தான்.
- எண்ணக்கூடியது என்றால் ‘ஊனோஸ் போக்கோஸ் லீப்ரோஸ்’, சில புத்தகங்கள்.
- ஒரு படத்தை ‘போக்கோ இந்தெரெசாந்தே’ என்றால் பாராட்டு இல்லை, சுவாரசியமில்லை என்று அர்த்தம்.
- ‘போர் போக்கோ மே கைகோ’: விழப் பார்த்தேன். நடந்து முடிந்ததுதான், ஆனாலும் வினை நிகழ்காலத்தில் வரும்.

அட்டவணை போட்டு மனப்பாடம் செய்வது எனக்கு ஒத்துவராது. ஃப்ரிட்ஜைத் திறந்து வாய்விட்டுச் சொல்லித்தான் பழகினேன். முட்டை? ‘போக்கோஸ்’. தயிர்? ‘காசி நாதா’, அநேகமாக ஒன்றுமே இல்லை. வீட்டில் சிரித்தார்கள், சிரிக்கட்டும். அப்புறம் சமையல் பக்கம் போனால் ஒரு சிட்டிகை உப்புக்கு ‘உனா பீஸ்கா தெ சால்’, லேசாக ஊற்றும் எண்ணெய்க்கு ‘ஊன் சோர்ரீத்தோ தெ அசெய்த்தே’. சாப்பாடு பற்றித் தலைப்பு வந்தால் இரண்டும் கைகொடுக்கும்.

பேச்சுத் தேர்வுக்கு முன் தயாரிக்க 15 நிமிடம் தருவார்களே, அதில் முழு வாக்கியம் எழுதி நேரத்தைக் கரைக்காதீர்கள். குறிப்புத்தாள் ஓரத்தில் இந்தச் சொற்களில் நாலைந்தைக் கிறுக்கி வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.