காசு கொடுத்து ஏறிய விமானத்தில் நாற்றம் அடித்தால்

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு தேவனஹள்ளி ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி கேட்டால் டோல், பர்மிட், காலியாகத் திரும்பும் வண்டிக்கு டீசல் என்று ஏற்றிக்கொண்டே போகிறார்கள். அநியாயம். ஓசூர் வழி பஸ்ஸில் போய் எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கி வாயு வஜ்ரா என்ற ஏர்போர்ட் பஸ் பிடிப்பதுதான் கட்டுப்படியாகும். பஸ் மேம்பாலத்தில் ஏறுமா என்று கண்டக்டரிடம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். ஏறினால் அந்த ஸ்டாப் கிடைக்காது.

இவ்வளவு பாடுபட்டு சீட்டில் உட்கார்ந்ததும் குப்பென்று மண்ணெண்ணெய் வாடை. பயப்பட வேண்டாம். பெரும்பாலான விமானங்களில் கேபின் காற்று இன்ஜின் கம்ப்ரஸரிலிருந்தே எடுக்கப்படுகிறது. போயிங் 787-இல் மட்டும் அதற்கென்று தனி மின் கம்ப்ரஸர். ரன்வே வரிசையில் நிற்கும்போது முன்னால் இருக்கும் விமானத்தின் புகையும் அதோடு உள்ளே வந்துவிடுகிறது. மேலே ஏறிய சில நிமிஷத்தில் போய்விடும். கூரையோரம் வெள்ளையாக இறங்குவது, வாடை இல்லாவிட்டால், வெறும் நீராவிதான்.

அழுக்கு சாக்ஸ் மாதிரி, நனைந்த நாய் மாதிரி நாற்றம் வந்தால் விஷயம் வேறு. இன்ஜின் அல்லது வால்பகுதியிலுள்ள ஏ.பி.யூ. என்ற சிறிய துணை இன்ஜினின் சீல் கசிந்து, சூடான ஆயில் ஆவி காற்றில் கலந்திருக்கலாம். அந்த ஆயிலில் ட்ரைக்ரெசில் பாஸ்பேட் என்ற நரம்பைப் பாதிக்கக்கூடிய பொருள் சேர்ப்பதுண்டு. பக்கத்து சீட்டுக்காரர் கழற்றிய ஷூவாகவும் இருக்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் பல வரிசைகளில் அடித்தால் ஷூ இல்லை. கூச்சப்படாமல் உடனே பணிப்பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பைலட் காதுக்குப் போனால்தான் லாக் புத்தகத்தில் ஏறும், மெக்கானிக் பார்ப்பார். தலைசுற்றல், கண் எரிச்சல் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

"கேபின் காற்றை வடிகட்ட ஹெப்பா ஃபில்டர் இருக்கிறதே?" என்பார்கள். அது 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும், கிருமிக்கு அருமையான தடுப்பு. வாடை என்பது வாயு. அது ஹெப்பாவைத் தாண்டிப் போய்விடும். சென்ட்டு வாசனையும் பிரியாணி வாசனையும் குறைவது வெளிக்காற்று கலப்பதால்தான். சுமார் பாதி புதுக்காற்று, மீதி சுத்தம் செய்து திரும்ப வருவது. பறக்கும்போது இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை மொத்தக் காற்றும் மாறுகிறது. கதவை மூடி, ஏசியும் நிறுத்தி, தரையில் உட்கார வைக்கும் அந்த நேரம்தான் மோசமான புழுக்கம்.

தலைக்கு மேலிருக்கும் காற்றுக் குமிழைப் பாதி திறந்து, முகத்துக்குச் சற்று முன்னால் மடியை நோக்கித் திருப்பி வையுங்கள். கழிவறைக் காற்று நேராக வெளியே போய்விடும். கதவைச் சரியாகச் சாத்தாதபோதுதான் பின்சீட்டுக்கு வாடை வரும். காசு மிச்சமென்று கடைசி வரிசை எடுப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் 10–20 சதவீதம்தான், மூக்கு வறளும். காலி பாட்டிலை செக்யூரிட்டி தாண்டிய பிறகு நிரப்பிக்கொண்டால் தண்ணீர்க் காசு மிச்சம்.

புகார் எழுதினால் விமான எண், தேதி, சீட் வரிசை, எந்த மாதிரி வாடை, அடித்தது தரையிலா, ஏறும்போதா, இறங்கும்போதா என்று எழுதுங்கள். கம்பெனி பதில் சொல்லாவிட்டால் விமானப் பயணிகள் புகாருக்கான அரசின் ஏர்சேவா தளத்தில் அதையே பதியலாம்.