பெரியம்மா கேட்ட கொடி எழுத்து

செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு டவுன். சனிக்கிழமை காலை பேனர் கடைக்குள் நுழைகிறார் கல்யாணப் பெண்ணின் பெரியம்மா. கையில் யாரோ வீட்டுப் பத்திரிகை. "தம்பி, பேரு இந்த மாதிரி கொடியா ஓடணும்."

பத்திரிகையில் இருந்தது எட்வர்டியன் ஸ்கிரிப்ட் என்ற ஆங்கில எழுத்துரு. 1994இல் எட் பெங்கியாட் வரைந்தது. கூர்நிப்பை அழுத்தினால் தடித்து, விட்டால் மயிரிழையாகும் கையெழுத்து. கையில் வைத்துப் படிக்கும் அட்டைக்கு அற்புதம். பத்துக்கு நாலு அடி பேனருக்கு எப்படி என்று பெரியம்மா கேட்கவே இல்லை.

"தாத்தாவுக்குக் கண்ணு மங்கல், எல்லாத்தையும் கேப்பிட்டல்ல போடு."

இந்த வகை எழுத்தில் கேப்பிட்டல் ஒவ்வொன்றுக்கும் தனிச் சுருள் உண்டு. சொல்லுக்கு முன்னால் ஒன்றே ஒன்று நிற்கத்தான் வரைந்திருப்பார்கள். எட்டை வரிசையாக வைத்தால், பக்கத்துப் பக்கத்தில் ஏற்றிய ஊதுபத்திப் புகை மாதிரி ஒன்றுக்குள் ஒன்று சிக்கும். பெரியம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இது நம்ம பொண்ணு பேரா?"

முதல் எழுத்தை மட்டும் கேப்பிட்டலாக விட்டதும் பேர் குட்டையாகிவிட்டது. "தள்ளித் தள்ளி வை லா." ஒரு எழுத்தின் வால் முடியும் இடத்தில்தான் அடுத்தது தொடங்குகிறது. இடைவெளியைக் கூட்டினால் கோத்த கை விட்டுப்போகும். அதை பூஜ்யத்திலேயே விட்டு, மிச்ச இடத்துக்கு மாங்காய்ப் பூ வேலை வைக்கலாம். அகலவாக்கில் இழுத்தாலோ செங்குத்துக் கோடுகள் ஊதி, சாய்வும் கெட்டுவிடும்.

பெரிய வில்லங்கம் தூரம். சைன்போர்டுக்காரர்கள் கணக்கில் 10 அடி தூரத்துக்கு எழுத்து 1 அங்குல உயரம். கேப்பிட்டல் 9 அங்குலம் இருந்தாலும் சின்ன எழுத்தின் உடம்பு 3 அங்குலத்தைத் தாண்டாது. 60 அடி தள்ளி நிற்கும் மாப்பிள்ளை வீட்டார் பாதி ரோட்டைக் கடந்து, லாரிகளுக்கு நடுவே நின்றுதான் படிக்க வேண்டும். 1942இல் வந்த பிரஷ் ஸ்கிரிப்ட் போல, தடிமன் அதிகம் மாறாத தூரிகை எழுத்து இதற்குத் தேவலாம்.

கார் ஸ்டிக்கருக்கும் அதே ஆசை. கோரல் டிரா என்ற டிசைன் மென்பொருளில் கன்ட்ரோல் கியூ தட்டி எழுத்தைக் கோடாக மாற்றி, பிறகு வெல்ட் செய்து ஒரே உருவமாக்க வேண்டும். மறந்தால் எழுத்தும் எழுத்தும் சேரும் ஒவ்வொரு இடத்திலும் ஸ்டிக்கர் வெட்டும் மெஷினின் பிளேடு குறுக்கே வெட்டும். மிச்சத்தை உரிக்கும்போது மூட்டு மூட்டாகக் கழன்று வரும்.

கடைசியில் தமிழ் வரி. கடையில் இருந்தது பழைய பாமினி எழுத்துரு. அதில் தமிழ் உருவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். தம்பி மொத்தத்தையும் செலக்ட் பண்ணி எட்வர்டியனுக்கு மாற்றியதும், 'திருமண' என்பது ஜே, பி, யு, கே, இசட் என்று சுருள் சுருளாக விரிந்தது.

பெரியம்மா முகம் மலர்ந்தது. "இதான் தம்பி! இதான் நான் கேட்டது!"

"ஆன்ட்டி, இது தப்பு. இதுல ஒண்ணுமே எழுதலை."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப காருக்கு மட்டும் இதையே ஒட்டிடு."